முதல் மூதாதையின் ஏடு: வாசகர் கேள்வி பதில்

உயிரின் தோற்றம் பற்றியும் மரபணுத்தொகுதியின் வளர்ச்சி பற்றியும் வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், அவற்றில் சிலவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பதில்களில் ‘எழுத்து’ என்று வரும் இடங்களில், டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும் 4 வகை வேதியியல் அலகுகளில் ஒன்றைத்தான் குறிப்பிடுகிறேன். ஓர் உயிரியிடம் இருக்கும் எழுத்துகளின் முழு வரிசையே அதன் மரபணுத்தொகுதி.

கேள்வி: டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். புரதத்தைக் கட்ட டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பு வேண்டும். அப்படியானால் எது முதலில் வந்தது? இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின என்று சொல்வதை என் மாணவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்.
(உயிரியல் ஆசிரியை, விருத்தாசலம்)

பதில்: உங்கள் மாணவர்கள் மறுப்பது நியாயம்தான். இரண்டுமே முதலில் வரவில்லை, இரண்டுக்கும் முன்னால் ஆர்.என்.ஏ. இருந்தது என்பதே இன்று இத்துறையில் பெரும்பாலோர் ஏற்கும் விடை. செல்லுக்குள் வேதிவினையை நடத்தும் நொதிகள் எல்லாம் புரதங்களே என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 1982இல் தாமஸ் செக், நன்னீரில் வாழும் டெட்ராஹைமெனா என்ற ஒற்றைச்செல் உயிரியை ஆராய்ந்தபோது, அதன் ஆர்.என்.ஏ. இழை ஒன்று எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல் தன் நடுவிலுள்ள ஒரு துண்டைத் தானே வெட்டி எறிந்துவிட்டு, முனைகளைத் தானே ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அடுத்த ஆண்டு சிட்னி ஆல்ட்மன் குழுவினர் பாக்டீரியாவில் வேறொரு ஆர்.என்.ஏ. நொதியைக் காட்டினார்கள். இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. குறிப்பைச் சுமப்பதும் வேலையைச் செய்வதும் ஒரே மூலக்கூறால் முடியும் என்றால், நீங்கள் சொல்லும் சிக்கல் அங்கேயே அவிழத் தொடங்குகிறது. வால்டர் கில்பர்ட் 1986இல் அந்தத் தொடக்க காலத்துக்கு ‘ஆர்.என்.ஏ. உலகம்’ என்று பெயரிட்டார்.

இதைவிட வலுவான சான்று நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. புரதங்களைக் கோக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் அணு அளவிலான அமைப்பை வெளிக்கொணர்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில், வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில், அதாவது உங்கள் ஊருக்கு அருகிலேயே, பிறந்தவர். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும். அந்த அமைப்பைக் கிட்டத்தில் பார்த்தபோது, புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணைகிற அந்த மையப் புள்ளியில் வினையை நடத்துவது புரதம் அல்ல என்பது தெரிந்தது. ரைபோசோமில் பல புரதங்கள் இருந்தாலும் அவை பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும் வேலையையே செய்கின்றன. உள்ளே இணைப்பு வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான். பாக்டீரியாவானாலும் வேப்பமரமானாலும் மனிதரானாலும், புரதம் எல்லாம் ஆர்.என்.ஏ. பட்டறையிலிருந்தே வெளிவருகிறது. புரதம் வருவதற்கு முன்பே அதைச் செய்யும் கருவி இருந்தது என்று உங்கள் மாணவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம். டி.என்.ஏ. பின்னால் வந்தது. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவது, டி.என்.ஏ. நீடித்து நிற்பது. எனவே குறிப்பைப் பாதுகாக்கும் பொறுப்பு அதற்குப் போனது.

ஆர்.என்.ஏ.வின் அலகுகள் ஆதிப் பூமியில் எப்படிச் சேர்ந்தன என்பது நெடுநாள் முட்டுக்கட்டையாக இருந்தது. 2009இல் ஜான் சதர்லாந்து குழுவினர், ஒவ்வோர் அலகின் பகுதிகளான சர்க்கரையையும் காரத்தையும் தனித்தனியே செய்து இணைக்க முயலும் பழைய வழியைக் கைவிட்டு, எளிய பொருள்களிலிருந்து இரண்டும் பின்னிய ஓர் இடைநிலைப் பொருள் வழியாக 4 எழுத்துகளில் 2 எழுத்துகளைப் பெற முடியும் என்று செய்து காட்டினார்கள். தன்னையே பிழை மிகாமல் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ.வை உருவாக்குவதுதான் இப்போது ஆய்வகங்களின் முன் நிற்கும் பெரிய வேலை.

கேள்வி: 100 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதத்தை எடுத்துக்கொண்டாலே, 20 வகை அமினோ அமிலங்களை வைத்து அமையக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 1க்குப் பின்னால் 130 சுழியங்கள் கொண்டதாகிறது. இதில் சரியான ஒன்று தற்செயலாக அமைந்தது என்று எப்படி நம்புவது?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை)

பதில்: உங்கள் பெருக்கல் சரியானது. இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் இதற்குப் பதில் தேடியபோதுதான் அருமையான சோதனைகள் பிறந்தன. கணக்கில் விடுபட்டவை இரண்டு. முதலாவது, ஒரு வேலையைச் செய்ய ‘சரியான ஒன்று’ மட்டுமே இருக்கிறது என்ற அனுமானம். 2001இல் அந்தோணி கீஃபும் ஜாக் ஷோஸ்டாக்கும் 80 அமினோ அமிலங்கள் நீளமுள்ள வரிசைகளை எந்தத் திட்டமும் இல்லாமல் கலைத்துப் போட்டு, சுமார் 6 லட்சம் கோடி வெவ்வேறு புரதங்களை உருவாக்கினார்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் திறன் அவற்றில் எதற்காவது இருக்கிறதா என்று சலித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 4 புரதக் குடும்பங்கள் கிடைத்தன. ஏறத்தாழ பத்தாயிரம் கோடிக்கு ஒன்று என்ற விகிதம் அது. அரிதுதான். ஆனால் 130 சுழியங்களுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, எல்லாம் ஒரே வீச்சில் அமைய வேண்டும் என்ற அனுமானம். அரைகுறையாக வேலை செய்யும் ஒன்று கிடைத்து, அது படியெடுக்கப்பட்டு, படிகளில் சற்றே மேலானது மிகுதியாகப் பெருகும் என்றால், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் ஏறி நிற்கிறது. ஷோஸ்டாக்கும் டேவிட் பார்டெலும் 1993இல் இதே முறையில் தற்செயல் ஆர்.என்.ஏ. வரிசைகளின் பெருங்கலவையை எடுத்து, இழைகளை ஒட்டும் திறன் உள்ளவற்றைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்து பெருக்கினார்கள். 10 சுற்றுகளுக்குப் பின், நொதி இல்லாத நிலையைக் காட்டிலும் 70 லட்சம் மடங்கு விரைவாக ஒட்டும் ஆர்.என்.ஏ.க்கள் கையில் இருந்தன. அவற்றை யாரும் வரைந்து வடிவமைக்கவில்லை.

தேர்வு எப்போதும் பெரிதாக்கும் திசையில்தான் போகும் என்று எண்ணிவிடவும் கூடாது. 1967இல் சோல் ஸ்பீகல்மன் ஒரு வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் அதைப் படியெடுக்கும் நொதியையும் எழுத்து அலகுகளையும் சோதனைக் குழாயில் இட்டு, சிறிது நேரம் கழித்து அதிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்றி, இப்படியே 74 முறை மாற்றினார். விரைவாகப் படியாவது மட்டுமே அங்கே வெற்றி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையே விட்ட நேரத்தையும் அவர் குறைத்துக்கொண்டே வந்தார். முடிவில் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதிர்த்துவிட்டிருந்தது. நோயை உண்டாக்கும் குறிப்பு, உறை கட்டும் குறிப்பு என்று குழாய்க்குள் தேவைப்படாத எல்லாம் போய்விட்டன. உயிரில்லாத குழாய்க்குள்ளும் பரிணாமம் நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் படித்ததில்லை. படியெடுப்பில் பிழை மிகுந்தால் நீண்ட இழை தன் செய்தியையே இழந்துவிடும், எனவே பிழை விகிதம்தான் இழையின் நீளத்துக்கு உச்சவரம்பு விதிக்கிறது என்று மான்ஃப்ரெட் ஐகன் 1971இல் கணக்கிட்டுச் சொன்னதும் இதே காலத்தில்தான்.

கேள்வி: மின்பொறியிலிருந்து அமினோ அமிலம் கிடைத்த மில்லர் சோதனை தவறென்று நிராகரிக்கப்பட்டுவிட்டதாமே?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: சோதனை தவறாகவில்லை. அதில் எடுத்துக்கொண்ட காற்றுக் கலவைதான் கேள்விக்குள்ளானது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லரும் ஹெரால்டு யூரேயும் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சினார்கள். ஆதி வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனுமே மிகுதியாக இருந்திருக்கும் என்று பிற்பாடு கருதப்பட்டது. ஆனால் மில்லர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய குப்பிகளை அவர் மறைந்த பின் நவீனக் கருவிகளில் ஆராய்ந்தபோது, எரிமலை ஆவியைப் போல அமைக்கப்பட்ட ஒரு சோதனையிலிருந்து 22 அமினோ அமிலங்கள் கிடைத்தன என்று 2008இல் அறிவித்தார்கள். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. கல்லும் மண்ணும் வாயுவும் இவற்றை எளிதில் உண்டாக்கிவிடுகின்றன. கடினமான பகுதி அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

கேள்வி: எல்லா உயிர்களுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்றும் அதன் மரபணுக்களே தெரியும் என்றும் எழுதுகிறார்கள். 400 கோடி ஆண்டுக்கு முந்தைய செல்லின் புதைபடிவமே இல்லாதபோது இது எப்படிச் சாத்தியம்?
(முதுகலை மாணவி, திருநெல்வேலி)

பதில்: ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றியவர்கள் எப்படி வேலை செய்தார்களோ, அதேபோல்தான். மூல ஆசிரியர் எழுதிய ஏடு யாரிடமும் இல்லை. பெயர்த்து எழுதப்பட்ட பிரதிகள் மட்டும் ஊர் ஊராகக் கிடைக்கின்றன, ஒவ்வொன்றிலும் பாடபேதங்கள். இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே வரி விடுபட்டிருந்தால், அவை இரண்டும் அந்த வரி விடுபட்ட ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். சரியாக ஒத்துப்போவதைவிடத் தவறாக ஒத்துப்போவதுதான் உறவுக்கு உறுதியான சான்று.

நம்மிடமே அப்படியொரு விடுபட்ட வரி இருக்கிறது. ஆடும் மாடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அது இயலாது, நெல்லிக்காயிலோ எலுமிச்சையிலோ பெற வேண்டும். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியை நடத்தும் மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை, உரிய இடத்தில் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் மக்காக் குரங்கிடமும் அது சிதைந்தே இருக்கிறது, பல சிதைவுகள் அவற்றுக்கும் நமக்கும் பொதுவானவை. கினிப்பன்றிக்கும் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. அது தனிக் கிளையில் தனியாக நேர்ந்த இழப்பு.

உயிருலகம் முழுவதையும் இப்படி ஒப்பிட வேண்டுமானால் எல்லாப் பிரதிகளிலும் இருக்கும் ஒரு பாடல் வேண்டும். கார்ல் வோஸ் அதற்கு ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார். வரிசைகளை நேரடியாகப் படிக்கும் கருவிகள் இல்லாத காலம் அது. ஆர்.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, கதிரியக்கத்தால் படலத்தில் பதியும் புள்ளிகளை விளக்குப் பலகையின் மேல் விரித்து வைத்து, ஆண்டுக்கணக்கில் அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளின் படலத்தில் பாக்டீரியாவுக்கே உரிய புள்ளிகள் காணப்படவில்லை. 1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவற்றை உயிருலகின் மூன்றாம் பிரிவாக அறிவித்தார்கள். இன்று அவற்றை ஆர்க்கியா என்கிறோம்.

பாக்டீரியா, ஆர்க்கியா என்ற இரு பெருங்கிளைகளிலும் பொதுவாக உள்ளதைத் திரட்டினால் மூதாதையின் ஏடு ஓரளவு தெரியவருகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏடுகளில் இடைச்செருகல் உண்டு. நுண்ணுயிரிகளிலும் உண்டு. ஒரு பாக்டீரியா தன் மரபணுவை உறவே இல்லாத இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் திறன் மருத்துவமனைகளில் விரைந்து பரவுவதும் இப்படித்தான். பொதுவாக இருப்பதெல்லாம் பழமையானதல்ல. 2016இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் வில்லியம் மார்ட்டின் குழுவினர் இத்தகைய இடைச்செருகல்களைக் கடுமையாகக் களைந்து, 355 மரபணுக் குடும்பங்களை மட்டும் மூதாதைக்கு உரியவையாக ஏற்றார்கள். அந்தப் பட்டியலில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு வாழ்வதற்கான சாதனங்கள் இருந்தன. கடலடி வெந்நீர் ஊற்றுகளே முதல் இல்லம் என்று கருதுவோருக்கு அது வலு சேர்த்தது. 2024இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஒரு குழு, இடைச்செருகலையும் இழப்பையும் கணக்குக்குள்ளேயே கொண்டுவரும் வேறொரு முறையில், அந்த மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்றும், அதன் மரபணுத்தொகுதியில் குறைந்தது 25 லட்சம் எழுத்துகளும் சுமார் 2,600 புரதங்களுக்கான குறிப்பும் இருந்தன என்றும் மதிப்பிட்டது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகையில் 46 லட்சம் எழுத்துகள் இருப்பதை நினைத்துப் பார்த்தால், நம் மூதாதை ஒன்றும் எளிய பொருளல்ல. வைரஸ்களை எதிர்க்கும் ஒரு காப்பு முறைகூட அதனிடம் இருந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. வைரஸ்கள் அப்போதே இருந்தன என்பது அதன் பொருள்.

முதல் உயிர் வேறு, இந்த மூதாதை வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னும் உயிர்கள் இருந்தன, அதன் காலத்தில் அண்டை அயலிலும் இருந்தன. இன்றுவரை வாரிசு எஞ்சியது இந்த ஒன்றுக்குத்தான்.

கேள்வி: மனிதரைவிட வெங்காயத்துக்கு மரபணுத்தொகுதி பெரியது என்று என் மகள் பள்ளியிலிருந்து கேட்டு வந்தாள். உண்மையா?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: உண்மை. நமக்குச் சுமார் 310 கோடி எழுத்துகள், வெங்காயத்துக்கு ஏறத்தாழ 1,600 கோடி. நியூ கலிடோனியா தீவில் வளரும் ஒரு சிறு பெரணிக்கு 16,000 கோடி என்று 2024இல் அளந்தார்கள். இதற்கு நேர்மாறாக, ஃபூகு என்ற பேத்தை மீன் 40 கோடி எழுத்துகளோடு நிறைவாக வாழ்கிறது. எழுத்து மிகுதியாக இருப்பதும் உடல் சிக்கலாக இருப்பதும் வேறு வேறு.

நம் எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏறத்தாழப் பாதி, தன்னையே படியெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் கூறுகளும் அவற்றின் சிதிலங்களும்தான். மக்காச்சோளத்தில் இவற்றை முதலில் கண்டு சொன்ன பார்பரா மெக்ளின்டாக்கை நெடுங்காலம் பலரும் பொருட்படுத்தவில்லை. 1983இல்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஆலு என்ற ஒரு கூறு மட்டுமே, 300 எழுத்து நீளத்தில், நம்மிடம் 10 லட்சம் முறைக்கு மேல் எழுதப்பட்டிருக்கிறது. வெங்காயம் பருத்ததும் பெரும்பாலும் இத்தகைய கூறுகளால்தான். பாக்டீரியா கோடானுகோடியாகப் பெருகும் இனம், வீண் சுமை வைத்திருப்பது அங்கே போட்டியில் பின்தங்கிவிடும். எண்ணிக்கை குறைந்த பெரிய உயிரிகளில் தேர்வின் பிடி அவ்வளவு இறுக்கமாக இல்லாததால் சுமை சேர்ந்துவிடுகிறது.

இவற்றை முழுக்கக் குப்பை என்று சொல்ல நான் விரும்பவில்லை, முழுக்கப் பொக்கிஷம் என்பவர்களையும் ஏற்கவில்லை. பெரும்பகுதி வேலையற்றதுதான். ஆனால் அதிலிருந்து எடுத்தாளப்பட்டவை உண்டு. நம் தொகுதியில் சுமார் 8 சதவீதம், தம் மரபணுக்களைச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகிவிடும் ரெட்ரோவைரஸ்களின் பழங்கால எச்சம். செல்லோடு செல்லை இணைத்து உள்ளே நுழைய அத்தகைய வைரஸ் ஒன்று பயன்படுத்திய புரதம், இன்று சின்சிட்டின் என்ற பெயரில், கருப்பையில் நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றாக இணைத்துத் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான படலத்தை அமைக்கிறது. உங்கள் மகள் உங்கள் வயிற்றில் வளர்ந்தபோதும் அந்தப் புரதம் வேலை செய்தது.

கேள்வி: பிழை என்றால் கெடுப்பதுதானே? படியெடுக்கும் பிழையிலிருந்து புதிய திறன் வந்ததை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?
(தட்டச்சுப் பயிற்றுநர், கும்பகோணம்)

பதில்: பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் தீங்கானவை அல்லது எந்த விளைவும் அற்றவை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு மரபணு முழுதுமாக இரண்டு முறை எழுதப்பட்டுவிடுவதும் ஒரு வகைப் பிழைதான். ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றொன்றுக்கு மாறுவதற்கான விடுதலை கிடைக்கிறது. இதுவே புதுமையின் முதன்மை வழி என்று சுசுமு ஓனோ 1970இல் வாதிட்டார்.

ரிச்சர்டு லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரே ஈ.கோலையின் வாரிசுகளை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். உணவாகச் சிறிதளவு குளுக்கோஸ். அந்த நீரில் சிட்ரேட்டும் நிறைய இருந்தது, ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலை அதை உண்ணாது. நாள்தோறும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கைப் புதிய நீருக்கு மாற்றினார்கள். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்தார்கள். 2003இல் ஒரு குடுவை மட்டும் மற்றவற்றைவிடக் கலங்கித் தெரிந்தது. 31,500ஆவது தலைமுறை வாக்கில் அதிலிருந்தவை சிட்ரேட்டை உண்ணத் தொடங்கியிருந்தன. மரபணுத்தொகுதியைப் படித்தபோது காரணம் தெரிந்தது. சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு முன்பே இருந்தது, ஆனால் ஆக்சிஜன் உள்ளபோது அணைந்திருந்தது. சுமார் 3,000 எழுத்துகள் கொண்ட துண்டு ஒன்று இரட்டித்து எழுதப்பட்டதில், அந்த மரபணுவின் புதிய படி, ஆக்சிஜனில் விழித்திருக்கும் வேறொரு மரபணுவின் விசைக்குக் கீழே போய் அமர்ந்துவிட்டது. உறைந்த பழைய மாதிரிகளை எழுப்பி மீண்டும் வளர்த்தபோது, பிற்காலத்து மாதிரிகளில் மட்டுமே இத்திறன் மறுபடி தோன்றியது. அதற்கு முன் நேர்ந்திருந்த சிறு மாற்றங்கள் வழியமைத்துக் கொடுத்திருந்தன.

நீங்கள் தட்டச்சு செய்த தாளில் சிவப்பு மையையும் பச்சை மையையும் வேறுபடுத்திக் காண்பதும் இதே வகையில் வந்த கொடைதான். அந்த இரு நிறங்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன, நம் குரங்கு மூதாதையரிடம் ஒரே மரபணு இரட்டித்ததால் உண்டானவை. அவை மிகவும் ஒத்திருப்பதால், குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது இன்றும் ஒன்றுக்கொன்று குழம்புகின்றன. சிவப்பு, பச்சை நிறக்குருடு பரவலாகக் காணப்படுவது அதனால்தான். ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே இருப்பதால் அவர்களிடம் அது மிகுதி.

கேள்வி: இப்போதும் எங்காவது புதிதாக உயிர் தோன்றிக்கொண்டிருக்குமா?
(9ஆம் வகுப்பு மாணவர், நாகப்பட்டினம்)

பதில்: தம்பி, டார்வினும் 1871இல் தம் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் இதையே யோசித்தார். இளஞ்சூடான ஒரு சிறு குட்டையில் வேதிப்பொருள்கள் சேர்ந்து புரதம் ஒன்று உருவானாலும், இன்றைக்கு அது உடனே விழுங்கப்பட்டுவிடும், உயிர்கள் தோன்றுவதற்கு முன் அப்படி நேர்ந்திருக்காது என்று எழுதினார். அவர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. காப்பில்லாத நுட்பமான மூலக்கூறுகளை அது சிதைத்துவிடும். உங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போகும்போது ஒரு தேக்கரண்டி கடல்நீரை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும், புதிதாக வந்து சேரும் எந்த அமினோ அமிலத்தையும் அவை விட்டுவைக்காது.